கைப்பட்டையும் அண்டை வீடும்

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கிழக்கு மூலையில், தமிழ்நாட்டு எல்லைக்கு அருகில் வரதய்யபாளையம் என்னும் ஊர் உள்ளது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் உருவாகும்வரை அவ்வூர் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதனை அடுத்த சத்தியவேடு வட்டாரத்து ஊர்கள் பல, 1960ஆம் ஆண்டு வரை சென்னை மாநிலத்தின் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தவை. அவ்வாண்டு ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. இவ்வூர்கள் ஆந்திரத்திற்குச் சென்றன. எல்லைக்கோடுதான் நகர்ந்தது, மக்கள் தத்தம் வீடுகளிலேயே இருந்தனர். ஆகவே இப்பகுதி முதியோருள் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசுவோர் பலர். இச்செய்திக்கும் முதியோர் பாதுகாப்புக்கும் தொடர்பு இல்லை என்று தோன்றலாம். தொடர்பு உண்டு; அது பின்னர் விளங்கும்.

2008ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழில்நகரம் இவ்வட்டாரத்தின் அன்றாட வாழ்வை மாற்றிவிட்டது. சத்தியவேடு, வரதய்யபாளையம், தடா ஆகிய மண்டலங்களில் அது பரந்து கிடக்கிறது. முன்பு கழனிக்குச் சென்ற குடும்பங்களின் இளைஞரும் மகளிரும் இன்று ஆலைப் பேருந்தில் ஏறி, முறைவேலைக்குச் செல்கின்றனர். 2015ஆம் ஆண்டில் சியோமி நிறுவனத்தின் கைப்பேசிகள் இங்குள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் உருவாகத் தொடங்கின. உலகத்தோடு பேசும் கருவியை நாள்தோறும் நூற்றுக்கணக்கில் பொருத்தும் கைகள், வேலை நேரம் முடியும்வரை வீட்டில் இருக்கும் தாயோடு பேச இயலாது. இன்னும் தொலைவு சென்றவர்களும் உண்டு. சென்னை, ஐதராபாத், பெங்களூரு, டெல்லி, வளைகுடா நாடுகள் எனப் பிழைப்பு அழைத்த இடமெல்லாம் பிள்ளைகள் பரவிவிட்டனர். பகற்பொழுதில் பல வீடுகளின் திண்ணையில் முதியவர் ஒருவர் மட்டுமே அமர்ந்திருக்கும் நிலை, இவ்வூருக்கு மட்டும் உரியதன்று.

அத்தகைய வீடுகளை நோக்கியே இன்று ஒரு புதிய கருவி வருகிறது. கைக்கடிகாரம் போலவோ, கழுத்தில் அணியும் பதக்கம் போலவோ, இடுப்பில் செருகும் சிறு பெட்டி போலவோ அது இருக்கும். அணிந்திருப்பவர் எங்கே இருக்கிறார், நடக்கிறாரா, விழுந்துவிட்டாரா என்பதைத் தொலைவில் உள்ள பிள்ளையின் கைப்பேசிக்கு அது அறிவிக்கும். இடர் நேர்ந்தால் அழுத்துவதற்கு ஒரு பொத்தானும் இருக்கும். இக்கருவி வேண்டாத ஒன்று எனத் தள்ளிவிடுவது அறிவுடைமை ஆகாது. ஆனால் அதை வாங்கும் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்காமலே வாங்கிவிடுகின்றன. அறிவிப்பு வந்தால் ஓடிச் செல்பவர் யார்? அணிய வேண்டியவரிடம் கேட்டாயிற்றா? இவ்விரண்டுக்கும் விடை இல்லாத வீட்டில் அக்கருவி பிள்ளையின் அச்சத்தைத் தணிக்கும்; முதியவரைக் காக்காது.

கருவி செய்வதும் செய்யாததும்

இக்கருவியின் இயக்கத்தை அறிந்துகொண்டால் அதன் எல்லையும் விளங்கும். புவியைச் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள் நேரத்தைக் குறிக்கும் அலைகளை இடைவிடாது அனுப்புகின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அலைகளைப் பெற்று, ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு, கருவி தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. ஜிபிஎஸ் என்னும் இம்முறையை அமெரிக்கப் படைத்துறை தன் தேவைக்காக உருவாக்கியது; இன்று அது உலகெங்கும் உள்ள மக்களுக்குப் பயன்படுகிறது. கணக்கிட்ட இடத்தைப் பிள்ளைக்குத் தெரிவிப்பது செயற்கைக்கோளின் வேலையன்று. கருவிக்குள் இருக்கும் சிம் அட்டை, கைப்பேசிக் கோபுரத்தின் வழியாக அதனை அனுப்புகிறது. எனவே வானமும் தெரிய வேண்டும். கோபுரமும் எட்ட வேண்டும். கான்கிரீட் கூரையின் கீழும் அடர்ந்த மரநிழலிலும் மலை மறைவிலும் இடக்குறிப்பு பிழைபடும். வரதய்யபாளையத்தை அடுத்த உப்பலமடுகு அருவிக்குச் செல்லும் காட்டுவழியில் எந்தப் பட்டையையும் முழுமையாக நம்பிவிட இயலாது.

விழுதலை அறியும் முறை வேறு. கருவிக்குள் முடுக்கமானி என்னும் நுண்பொருள் உண்டு. ஒருவர் நிலைகுலைந்து விழும்போது உடல் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் எடையற்றது போலாகிறது. அடுத்துத் தரையில் மோதும் அதிர்வு வருகிறது. அதன்பின் அசைவற்ற நிலை. இம்மூன்றும் வரிசையாக நிகழ்ந்தால், விழுந்துவிட்டார் என்று கருவி முடிவு செய்கிறது. 2018ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் கைக்கடிகாரத்தில் இவ்வசதி வந்தபின் இது பலர் அறிந்த செய்தியாயிற்று. எனினும் சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து அமரும் மூதாட்டியின் வீழ்ச்சி கருவிக்குத் தெரியாமலும் போகலாம். அம்மிக்கல்லைப் பொத்தென்று கீழே வைப்பது வீழ்ச்சியாகத் தெரியவும் செய்யலாம்.

வீழ்ச்சியைச் சிறு துன்பம் என எண்ணுதல் தவறு. உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கின்றனர் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீடு. அவர்களுள் முதியோரே மிகுதி. இடுப்பெலும்பு முறிந்தவர் எழ இயலாமல் தரையில் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவர் உயிரைக் கரைக்கிறது. நீர் வற்றுகிறது, உடல் குளிர்கிறது, அழுந்திய தசை நைகிறது. ஆகவே விரைந்து செய்தி சொல்லும் கருவிக்கு மதிப்பு உண்டு.

அந்த மதிப்பைக் குறைப்பது மின்னேற்றம். இடத்தை ஓயாது தெரிவிக்கும் பட்டை ஓரிரு நாளில் சோர்ந்துவிடும். அதைக் கழற்றி மின்னேற்ற வேண்டும். பெரும்பாலோர் அதை இரவில் செய்வர். முதியோர் இருளில் எழுந்து கழிப்பறைக்குச் செல்லும்போது தடுமாறி விழுவதும் இரவில்தான். பட்டை சுவரோரம் மின்னேறிக்கொண்டிருக்க, பாட்டி முற்றத்தில் விழுந்து கிடப்பாள். விளம்பரங்களில் இந்தச் செய்தி இடம்பெறுவதில்லை. பட்டையைப் பகலில், அவர் அமர்ந்து உண்ணும் வேளையில் மின்னேற்றும் பழக்கத்தை ஏற்படுத்தினால் இக்குறை பெரிதும் நீங்கும். ஆனால் அப்பழக்கத்தை ஏற்படுத்த ஒருவர் அருகில் இருந்து நினைவூட்ட வேண்டும்.

உடலில் அடையாளம் அணியும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், தம் மகளுக்கு ஒரு மருந்து ஒவ்வாமல் உயிருக்கே இடர் நேர்ந்ததைக் கண்ட மருத்துவர் ஒருவர், அச்செய்தியைப் பொறித்த கைச்சங்கிலியை அவளுக்கு அணிவித்தார். அதிலிருந்து 1956ஆம் ஆண்டில் மெடிக்அலர்ட் என்னும் அறக்கட்டளை பிறந்தது. நம் நாட்டுப் பாட்டிமார் முன்கையில் பெயரைப் பச்சை குத்திக்கொண்ட வழக்கத்தையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். அவ்வழக்கம் எதற்காக எழுந்ததாயினும், சொந்தப் பெயரை நாவு மறந்த பின்னும் கை மறக்காமல் வைத்திருந்தது.

ஓடி வருபவர் யார்?

ஒரு நிகழ்வை எண்ணிப் பார்ப்போம். நண்பகல் பன்னிரண்டு மணி. வரதய்யபாளையத்தில் ஒரு மூதாட்டி கிணற்றடியில் வழுக்கி விழுகிறார். பட்டை தவறாமல் வேலை செய்கிறது. அதே நொடியில் டெல்லியில் உள்ள மகனின் கைப்பேசி ஒலிக்கிறது. இதுவரை எல்லாம் சரி. இனி அவர் என்ன செய்வார்? இடையில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு. தாயை அழைக்கிறார், விடை இல்லை. 108ஐ அழைக்கிறார். இத்தகைய குறுகிய எண்கள் பொதுவாக அழைப்பவர் இருக்கும் மாநிலத்து மையத்தோடுதான் இணையும். டெல்லியில் இருப்பவரின் குரல் ஆந்திரத்து மையத்துக்குத் தானாகச் சென்று சேராது. அடுத்த வீட்டாரை அழைக்கலாம் என்று நினைக்கிறார். அவர் எண் கைப்பேசியில் இல்லை. ஊரை விட்டு வந்து பத்தாண்டுகள் ஆகிவிட்டன; அடுத்த வீட்டில் இப்போது இருப்பவர் யாரென்றே அவருக்குத் தெரியாது.

இந்நிலைக்குக் கருவியைக் குறைகூறிப் பயனில்லை. அது தன் வேலையைச் செய்துவிட்டது. பட்டையின் ஒரு முனை தாயின் கையிலும் மறுமுனை மகனின் கைப்பேசியிலும் இருக்க, இடையில் ஒருவருமே இல்லாமல் போனதுதான் குறை. பெரும்பாலான கருவிகளில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட எண்களைப் பதிவு செய்ய இடம் உண்டு. குடும்பங்கள் என்ன செய்கின்றன? முதல் எண் டெல்லி மகனுடையது. இரண்டாவது பெங்களூரு மகளுடையது. மூன்றாவது துபாயில் இருக்கும் இளைய மகனுடையது. பாசத்தின் வரிசையில் இது பிழையில்லாத பட்டியல். தூரத்தின் வரிசையில் பார்த்தாலோ ஒருவரும் உதவிக்கு வர இயலாத பட்டியல். முதல் எண் ஐந்து நிமிடத்தில் நடந்து வரக்கூடியவருடையதாக இருத்தல் வேண்டும். அவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. எதிர்வீட்டுப் பால்காரராகவோ, தெருமுனைக் கடைக்காரராகவோ, ஊரின் ஆஷா பணியாளராகவோ இருக்கலாம்.

அப்படி ஒருவரைப் பெறுவது கடையில் பட்டை வாங்குவது போல எளிதன்று. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் குடும்பம், வந்த அன்றே அடுத்த வீட்டுக்குச் சென்று அமர்ந்து பேச வேண்டும். பொங்கலுக்கு ஒரு கரும்பும், ஊரிலிருந்து கொண்டுவந்த இனிப்பும் கைமாற வேண்டும். வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் இருக்க வேண்டும். விழுந்தவரைக் கதவைப் பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து எப்படி மீட்பது என்பதை எத்தனை குடும்பங்கள் எண்ணிப் பார்த்திருக்கும்? பட்டைக்குச் சில ஆயிரம் ரூபாய் செலவிடும் வீடு, ஒரு மாற்றுச் சாவி செய்ய மறந்துவிடுகிறது.

அரசு இக்கருவிகளை முதியோர் எல்லார்க்கும் இலவசமாக வழங்க வேண்டும் என்று சிலர் கருதுகின்றனர். அதைவிட எளிய வழி ஆந்திரத்தில் ஏற்கெனவே உள்ளது. 2024 ஜூலை முதல் மாதம் 4,000 ரூபாயாக உயர்த்தி வழங்கப்படும் முதியோர் ஓய்வூதியத்தை, ஒவ்வொரு மாதமும் முதல் நாளில் ஊர்ச் செயலகப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து கொடுக்கின்றனர். மாதம் ஒருமுறை ஒவ்வொரு முதியவர் வீட்டுக் கதவையும் தட்டும் ஏற்பாடு இது. தனித்து வாழ்பவர் யார், அவருக்கு அருகில் இருந்து உதவுபவர் யார், அவருடைய எண் என்ன என்பதை அப்பணியாளர் குறித்து வைத்தால் அதற்குப் புதிய கருவி ஒன்றும் தேவைப்படாது. நாடு முழுவதற்குமான முதியோர் உதவி எண்ணாகிய 14567இலிருந்து அழைப்பு வரும்போதும் அக்குறிப்பு கைகொடுக்கும்.

கைப்பேசித் திரையில் தாயின் இருப்பிடம் ஒரு நீலப் புள்ளியாகத் தெரிகிறது. அப்புள்ளி வீட்டில் இருப்பதைக் காண்பதே போதும் என்று மனம் அமைதியடைந்துவிடுகிறது. முன்பு வாரம் இருமுறை அழைத்து "சாப்பிட்டாயா அம்மா?" என்று கேட்டவர், இப்போது புள்ளியைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அவள் சாப்பிட்டாளா என்பதைப் புள்ளி சொல்லாது.

கேட்டுக் கட்டுதல்

மேய்ச்சலுக்கு விடும் மாட்டின் கழுத்தில் மணி கட்டுவது நம் ஊர் வழக்கம். காட்டுக்குள் மறைந்தாலும் மணியோசை அது இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பட்டையைக் கண்ட முதியவர் ஒருவர், "நான் என்ன மாடா, மணி கட்டி விடுவதற்கு?" என்று சினந்தால் அவரைப் பிடிவாதக்காரர் என்று கூறிவிடலாகாது. அவர் கேட்பது பொருளுள்ள கேள்வி. மாட்டிடம் கேட்டுக்கொண்டு எவரும் மணி கட்டுவதில்லை. தம்மிடமும் கேட்கவில்லையே என்பதுதான் அவர் மனக்குறை.

அந்தரங்கம் இளையோர்க்கு மட்டும் உரியது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. கைப்பேசியைப் பெற்றோர் எடுத்துப் பார்த்தால் பதினைந்து வயதுப் பிள்ளை சினம் கொள்கிறது. அதே பிள்ளை, பாட்டி எங்கெங்கே செல்கிறாள் என்பதைத் திரையில் பார்ப்பதில் பிழை ஏதும் காண்பதில்லை. இந்தியாவில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்புக்கு வழிவகுத்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. 1926ஆம் ஆண்டில் பிறந்த அவர், 2012ஆம் ஆண்டில் அவ்வழக்கைத் தொடுத்தபோது 86 வயதினர். நாட்டு மக்கள் அனைவர்க்கும் அந்தரங்க உரிமையைப் பெற்றுத் தந்தவர் ஒரு முதியவர். பிள்ளைகள் தம் வீட்டு முதியவரிடம் அதே உரிமையைக் கேளாமல் எடுத்துக்கொள்ளும்போது இச்செய்தியை நினைவில் கொள்வது நன்று.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது வலிமையான மறுப்பு. மறதிநோய் கண்டவரிடம் எப்படிக் கேட்பது? 2023ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோருள் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக மதிப்பிட்டது. இந்நோயாளர் பலர் திடீரென வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகின்றனர். தாம் இருக்கும் வீட்டிலேயே இருந்துகொண்டு, "வீட்டுக்குப் போக வேண்டும்" என்று புறப்படுவர். அவர்கள் தேடும் வீடு ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இருந்த வீடு. முதியோர் மிகுந்த ஜப்பானில், மறதிநோயால் வழிதவறிக் காணாமற்போனதாகக் காவல்துறையிடம் தெரிவிக்கப்பட்டோர் 2023ஆம் ஆண்டில் மட்டும் 19,039 பேர். அவர்களிடம் இசைவு கேட்டுக் காத்திருப்பது கொடுமையாக முடியலாம்.

இம்மறுப்பை ஏற்கத்தான் வேண்டும். நினைவு தேய்ந்தவர்க்குப் பட்டை நன்மையே செய்யும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பட்டை இல்லாத வீடுகள் பல, அத்தகையோரைக் காப்பதற்குக் கதவைப் பூட்டுகின்றன. வேலைக்குச் செல்லும் மருமகள் வெளியே பூட்டிவிட்டுச் செல்கிறாள். உள்ளே இருப்பவர் நாள்முழுதும் தாழ்ப்பாளை ஆட்டிக்கொண்டிருக்கிறார். அவளைக் கொடியவள் என்பது பொருந்தாது; அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. தெருமுனை வரை நடந்து, அரசமரத்தடியில் அமர்ந்து, திரும்பி வரும் உரிமையைப் பட்டை அவருக்கு மீட்டுத் தருமானால், பூட்டைவிடப் பட்டை மேலானது. பட்டையையும் கட்டி, கதவையும் பூட்டும் வீட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

கேட்பதற்குரிய காலம் ஒன்று உண்டு. மறதிநோய் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. அடுப்பை அணைக்க மறப்பது, பேரன் பெயரை மாற்றிச் சொல்வது, தெரிந்த சந்தில் திகைத்து நிற்பது என அது மெல்ல மெல்ல வருகிறது. அந்தத் தொடக்க நாள்களில் அவரால் எண்ணவும் சொல்லவும் இயலும். "நாளை உங்களுக்கு வழி மறந்துபோனால் இதைக் கட்டலாமா? யார் யார் பார்க்கலாம்? யார் பார்க்கக் கூடாது?" என்று அப்போதே கேட்டு, அவர் சொன்னதைக் குறித்து வைத்தால், பின்னர் அவர் சொல்லின்படியே நடக்கலாம். நினைவு தெளிவாக உள்ளவர் வேண்டாம் என்று மறுத்தால் அம்மறுப்பே முடிவானது. அவர் அறியாமல் கைப்பைக்குள் ஒரு சிறு கருவியைச் செருகி வைப்பது, எத்துணைப் பாசத்தோடு செய்தாலும், ஒட்டுக்கேட்டலுக்கு ஒப்பானது. அவர் என்றேனும் அதைக் கண்டுகொண்டால், அதன்பின் பிள்ளை தரும் மாத்திரையைக்கூட ஐயத்தோடுதான் வாங்குவார்.

இரண்டு எழுத்தில் ஓர் அட்டை

இனித் தொடக்கத்தில் சொன்ன மொழிச் செய்திக்கு வருவோம். மறதிநோய் முற்றும்போது, இடைக்காலத்தில் கற்ற மொழிகள் நழுவித் தாய்மொழி மட்டும் எஞ்சி நிற்பது உண்டு. அறுபது ஆண்டுகள் தெலுங்கில் வணிகம் செய்தவர், வழிதவறி நிற்கும்போது தமிழில் மட்டும் பேசலாம். சூலூர்ப்பேட்டையிலோ காளத்தியிலோ அவரைக் காணும் காவலர்க்கு அது விளங்காமல் போகலாம். டெல்லியிலும் புனேயிலும் நிலைமை இன்னும் கடினம். ஊரில் தனியே இருக்க இயலாத பெற்றோரைப் பிள்ளைகள் தம்மோடு அழைத்துச் செல்கின்றனர். ஒரே நிறம், ஒரே வடிவம், வரிசை வரிசையாகக் குடியிருப்புகள். கீழே இறங்கிய தாத்தா திரும்பி எந்தப் படியில் ஏறுவது என்று அறியாமல் திகைக்கிறார். இந்தி தெரியாது, வீட்டு எண் நினைவில்லை. சுற்றிலும் உதவும் மனம் உடையோர் பலர் இருப்பர். அவர் சொல்வது ஒருவர்க்கும் புரியாது.

இங்கு விலை மிகுந்த பட்டையைவிட எளிய அட்டை சிறப்பாகப் பயன்படும். சபரிமலைக்குச் செல்லும் சிறுவர் கையில், பெற்றோரின் கைப்பேசி எண் எழுதிய பட்டையைப் பம்பையில் கேரளக் காவல்துறையினர் கட்டிவிடுவர். அதில் மின்கலம் இல்லை, செயற்கைக்கோள் இல்லை. கூட்டத்தில் தவறிய பிள்ளை தாயிடம் சேர்ந்துவிடுகிறது. ஜப்பானின் இருமா நகரம் 2016ஆம் ஆண்டில், மறதிநோய் கண்ட முதியோரின் விரல் நகத்தில் ஒட்டும் சிறு கியூஆர் குறியீட்டை வழங்கியது. நீரில் நனைந்தாலும் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் அது நிலைத்திருக்கும். சட்டையை மாற்றினாலும் செருப்பை மறந்தாலும் நகத்தை ஒருவர் விட்டுச் செல்ல இயலாது என்பது அதன் நுட்பம். மும்பையில் 2023 செப்டம்பரில், அறிவுத்திறன் குறைபாடுடைய பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் வழிதவறி, வீட்டிலிருந்து தொலைவில் உள்ள கொலாபாவில் காவலரிடம் சேர்ந்தான். அவன் கழுத்துப் பதக்கத்தில் இருந்த கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் படம்பிடித்ததும் பெற்றோரின் எண் கிடைத்தது. அன்றே அவன் வீடு திரும்பினான். இவற்றில் எதுவும் அணிந்தவரைப் பின்தொடர்வதில்லை. வழிதவறிய பின், அவரைக் கண்டவர்க்கு மட்டும் செய்தி சொல்கின்றன. மாட்டு மணியைக் காட்டிச் சினந்த முதியவர்கூட இதற்கு இசையக்கூடும்.

இத்தகைய அட்டையை எழுதும் வேலை, வெளிமாநிலத்தில் வளரும் தமிழ்ப் பேரப்பிள்ளைகளுக்கே மிகப் பொருந்தும். தமிழ் எழுத்தும் தாம் வாழும் ஊரின் எழுத்தும் ஒருங்கே அறிந்தவர் வீட்டில் அவர்கள்தாம். தந்தைக்கு இந்தி பேச வரும், எழுத வராது. தாத்தாவுக்குத் தமிழ் மட்டும் படிக்க வரும். அட்டையை எழுதத் தொடங்கும்முன் தாத்தாவின் அருகில் அமர்ந்து, எதை எழுதலாம் எதை விடலாம் என்று கேட்பது முதல் வேலை. எல்லார்க்கும் தெரியும்படி முழு முகவரியை எழுதினால், முதியவர் தனித்திருக்கும் வீடு எதுவெனத் திருடர்க்கும் தெரிந்துவிடும். ஆதார் எண் எதற்கும் வேண்டாம். நோயின் பெயரை எழுதுவதா என்பதை அவரே சொல்லட்டும். சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவராயின், மயங்கிக் கிடக்கும்போது அக்குறிப்பு உயிர்காக்கும்.

வரதய்யபாளையத்துப் பாட்டிக்குரிய அட்டையில் தமிழும் தெலுங்கும் இருக்கும். டெல்லிக்கு வந்த தாத்தாவின் அட்டையில் தமிழும் இந்தியும். பெயர் ஒரு வரி. "இவர் தமிழ் பேசுவார், மெதுவாகப் பேசுங்கள்" என்று ஒரு வரி. கீழே இரண்டு எண்கள். முதல் எண் அடுத்த வீட்டாருடையது, மகனுடையது இரண்டாவது.